அண்டாவைச் சுற்றியவள்

வரிசை நகரவில்லை. நகராத வரிசையில் நிற்பதற்கு மட்டும் ஒத்திகை பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று முனிரத்தினத்துக்கு இப்போதுதான் உறைத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் பார்த்தாயிற்று. பேருந்துக்குப் பார்த்தாயிற்று, ஒகேனக்கல் முழுக்க அடிக்கும் மீன் வறுவல் வாடைக்குப் பார்த்தாயிற்று, அதற்காகச் சுத்த சைவமான கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டாயிற்று. அருவி இரைச்சலுக்காகக் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவைத்து, வாளி நிரம்பி வழிய, கதவருகே குடும்பமே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாயிற்று. எல்லாம் மகன் பரிதிக்காக. பரிதிக்கு ஏழு வயது. சட்டைக் காலரில் தைத்திருக்கும் சின்ன லேபிள் கழுத்தில் உரசினாலே உலகம் முடிந்துவிட்டதுபோல் அலறுகிறவன், பரிசலில் ஏறுகிற எல்லாரும் மாட்டியாக வேண்டிய அந்த ஈர ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை எப்படித் தாங்குவான்? அதனால் ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அவனுக்குப் பள்ளிக்கூடப் பையை முன்பக்கமாகத் திருப்பி, நெஞ்சில் மாட்டி, வாரை இறுக்கிவிட்டார்கள். ஈரம் பழக வேண்டுமென்று பைக்குள் நனைத்த துண்டு வேறு. தனியாக மாட்டினால் மிரள்வான் என்று முனிரத்தினமும் ஒரு பையை மாட்டிக்கொண்டான், பதினொரு வயது மகள் நித்திலாவும் மாட்டிக்கொண்டாள். மூன்று பேரும் நெஞ்சில் பையோடு ரசம் சோறு பிசைந்ததைப் பார்த்து, "கல்யாண வீட்ல திருட வந்தவங்க பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி செல்வராணி. கடைசியாகப் பரிசல். வட்டமானது, ஆடுவது, சுற்றுவது, உள்ளே ஆள் உட்காரக்கூடியது. வீட்டில் இதற்கு நிகரானது என்ன என்று இரண்டு நாள் யோசித்து, பாத்திரக் கடையில் பிரியாணி அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, மொட்டை மாடியில் சாக்கு விரித்து வைத்து, பரிதியை உள்ளே உட்காரவைத்து, நித்திலா வெளியே நின்று விளிம்பைப் பிடித்துச் சுற்ற, அவன் உள்ளிருந்து சிரித்த சிரிப்பு அண்டாவில் மோதி இரட்டிப்பாகக் கேட்டது. கிளை நூலகரான முனிரத்தினம் குழந்தை வளர்ப்பு அடுக்கில் இருக்கும் புத்தகங்கள் அத்தனையையும் படித்தவன். வாசகர்கள் பென்சிலால் கோடு போட்டால் திட்டுவான், அந்த அடுக்கில் மட்டும் அவனே போட்டிருக்கிறான். எந்தப் புத்தகத்திலும் அண்டா இல்லை. அந்த விஷயத்தில் அவனுக்குச் சற்றுக் கர்வம்தான். "பஸ். படி. சட்டை. பரிசல். மீன். வீடு" என்று பரிதி இப்போது அவன் பக்கத்தில் நின்று வரிசை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பஸ் முடிந்தது, ஆற்றுக்கு இறங்கும் படியிலும் பாதி முடிந்தது, பரிதி சட்டை என்று சொல்லும் ஜாக்கெட்தான் வரக் காணோம்.

பரிதி வலது காதை அழுத்துகிறானா என்று முனிரத்தினம் பார்த்தான். இல்லை. இரண்டு மூச்சு விட்டு மறுபடி பார்த்தான். இல்லை. வீட்டில் அந்த அலறலுக்கு மழை என்று பெயர், காதை அழுத்துவதற்கு மேகம் என்று பெயர். இரண்டையும் வைத்தவள் நித்திலா, அவளுக்கே அப்போது ஆறோ ஏழோ. கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் "இவனுக்கு ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்வதைவிட "மேகம்" என்று சொல்வது எவ்வளவோ மேல் என்று பெரியவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது. மழை வந்தால் என்ன செய்வதென்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பரோட்டா. தோளில் இரண்டு கையையும் வைத்து "மாவு" என்று அழுத்துவாள், தோளிலிருந்து முழங்கை வரைக்கும் "தண்ணி" என்று தடவி இறக்குவாள், "பிசை, பிசை, பிசை" என்று மணிக்கட்டு வரைக்கும் கெட்டியாகப் பிடித்துப் பிடித்து விடுவாள், உள்ளங்கையில் "எண்ணெய்", பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டி "வீசு", கடைசியில் தலைமயிரைக் கலைத்து "சால்னா". சால்னாவில் மழை நிற்கும், பெரும்பாலும். இதையும் எந்தப் புத்தகத்திலும் அவன் பார்க்கவில்லை, ஆனால் இதில் கர்வப்பட அவனுக்கு உரிமையும் இல்லை. முன்னால் நின்ற அம்மாள், கிருஷ்ணகிரிப் பக்கம், பெரிய ஒயர்க்கூடையும் வாயே திறக்காத கணவருமாக வந்தவர், திரும்பிப் பார்த்தார். "பையன் பேசமாட்டானுங்களா?" "பேசுவான்ங்க. அவசியம்னா பேசுவான்." "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கல்யாணமாகி இருவது வருசம், இன்னும் அவசியம் வரல." கணவர் ஆற்றைப் பார்த்தபடி அதை நிரூபித்தார். அந்த அம்மாள் நித்திலா பக்கம் குனிந்தார். "உன் தம்பியா கண்ணு? மூஞ்சி அப்படியே அச்சா இருக்குதே." நித்திலா மீன்கடைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அப்பா, தண்ணி பாட்டில் எங்க?" என்றாள். பாட்டில் அவள் கையிலேயே இருந்தது.

அதே மாதிரி இன்னொன்று. இல்லை, அதே மாதிரி இல்லை, இது அன்றைக்கு நடந்ததைவிட மேல், பாட்டில்தானே கேட்டாள். பத்து நாள் முன்னால் நூலகத்தில், நித்திலாவும் ஆறாம் வகுப்பில் புதிதாகக் கிடைத்த தோழியும் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்குக்குப் பின்னால் அவன், யாரோ சமையல் புத்தகத்தை வரலாற்றில் சொருகிவிட்டுப் போயிருந்ததை எடுத்துச் சரி செய்துகொண்டிருந்தான். தோழி சொன்னாள், "உனக்கென்னடி, ஒத்தப் புள்ள. வீட்ல எல்லாம் உனக்குத்தான்." நித்திலா சொன்னாள், "ஆமா." அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை. அதற்கு மேல் அவர்கள் வேறு ஏதோ பேசிச் சிரித்தார்கள், அவன் சமையல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அது எந்த அடுக்கு என்று சற்று நேரம் மறந்துபோயிற்று. அந்த ஆமாவையும் எந்த அடுக்கில் வைப்பது என்று அன்றிலிருந்து தெரியவில்லை. பொய்யில் வைப்பதா, வெட்கத்தில் வைப்பதா, விளக்கம் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவர்களின் அடுக்கில் வைப்பதா. வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம், பதினொரு வயதில் மனிதர்கள் ஒரு மதியத்துக்கு மட்டும் ஒற்றைப் பிள்ளையாக இருந்து பார்ப்பது குற்றமா. அவனே சின்ன வயதில் தன்னை ஜமீன்தார் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். செல்வராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது விஷயமாகிவிடும். நித்திலாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். அதற்குப் பதிலாக ஒகேனக்கல் போகலாம் என்றான். பரிதிக்குப் பயிற்சி என்று வீட்டில் சொன்னான். உண்மையில் பயணமே அந்த ஆமாவுக்கு மருந்து, இந்த இரண்டும் ஒரு நாள் ஒரு பரிசலில் தாமாகவே சிரித்தோ அடித்துக்கொண்டோ ஒன்றாக இருந்துவிட்டால் போதும், நடுவில் அவன் இல்லாமல், அவன் சொல்லாமல். இருக்காவிட்டால், நாளைக்கு அவனும் செல்வராணியும் இல்லாதபோது பரிதிக்கு யார், என்று எண்ணம் அதன் வழக்கமான இடத்துக்கு வந்து, வழக்கம்போலவே நின்றது. உடனே இன்னொரு எண்ணம் வந்து அதன் காதைத் திருகியது: பெண் குழந்தை என்ன உன் காப்பீட்டுப் பாலிசியா? பரிதிக்குப் பாடம் நடத்தும் டீச்சரம்மா சொல்லியிருந்தார், "அக்காவை உதவி டீச்சரா ஆக்கிடாதீங்க சார், அவ அக்காவாவே இருக்கட்டும்." தனியார் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குக் கிளம்பும்போது செல்வராணி செருப்பு மாட்டிக்கொண்டே அதையே சொன்னாள், அவள் பாஷையில். "இன்னிக்காவது அவளைக் கூப்புடாம சமாளிங்க. அவ புள்ள, மாத்திரை இல்ல." சமாளிப்பேன் என்றான். சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறான். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவிலேயே இருக்கிறான், பேருந்திலும் நடு, படியிலும் நடு, அணைக்கட்டு மாதிரி. அணைக்கட்டு போட்டால் இந்தப் பக்கத்துத் தண்ணீரும் அந்தப் பக்கத்துத் தண்ணீரும் எப்படிச் சேரும் என்று இப்போது யோசனை வந்தது, அந்த உவமை தேவைக்கு மேல் பொருந்தியதால் அதை நம்ப மனம் வரவில்லை.

வரிசை நகர்ந்தது. எச்சரிக்கைப் பலகை அருகே வந்தார்கள், எழுத்து என்று இருந்தால் படித்தாக வேண்டிய வியாதி அவனுக்கு, முழுவதையும் உரக்கப் படித்தான்: ஆழம் அதிகமான பகுதி, சுழல்கள் உண்டு, முதலைகள் உண்டு, குளிக்காதீர்கள். "நாலு வரியில மூணு எழுத்துத் தப்பு" என்றான், பெயிண்டரைக் குறை சொல்லும் குரலில், யாரும் சிரிக்கவில்லை. "முதலை" என்று பரிதி திருப்பிச் சொன்னான், பிடித்த மிட்டாயின் பெயரைச் சொல்வதுபோல. நித்திலா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதிருப்பது நல்ல பிள்ளையின் இயல்பு என்று அவன் அதைப் பார்க்காமலே எடுத்து அடுக்கில் வைத்துவிட்டான், வைத்த அடுக்கு தப்பு என்று தெரிய இன்னும் சில நிமிடம் இருந்தது. இப்போது ஜாக்கெட். மர ஸ்டாண்டில் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தவற்றில் ஒன்றை ஒருவர் உருவிப் பரிதியின் தலைவழியே போட வர, முனிரத்தினம் பரிதியின் கை காதுக்குப் போகிறதா என்று பார்த்தான், இதுதான், இந்த நொடிதான், அலறினால் தூக்கிக்கொண்டு படியேறுவதா, இல்லை காத்திருப்பதா, புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் காத்திரு என்கிறது, செல்வராணி தூக்கு என்பாள். பரிதி ஜாக்கெட்டை முகர்ந்தான். "சட்டை" என்றான். கையை விட்டான். வாரை அவனே இழுத்து, கிளிப்பை அவனே போட்டான், அது 'டிக்' என்றதும் சிரித்தான், மறுபடி கழற்றி மறுபடி 'டிக்' போட்டான். முனிரத்தினத்துக்குக் கண் கலங்கியது. பாத்திரக் கடைக்காரர் முதல் கீழ்வீட்டுக்காரர் வரை எல்லாரையும் மனதுக்குள் கும்பிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லத் திரும்பினான், நித்திலா அங்கே இல்லை.

இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் மடியில் கிடந்தது, அதன் தண்ணீர் பாவாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. "வா கண்ணு, நம்ம டோக்கன் வந்துடுச்சு." "நான் வரல." "என்னாச்சு?" "நாத்தம் அடிக்குது. ஈரமா இருக்குது. எனக்கு வேண்டாம்." "நீயும்தான் வீட்ல பை மாட்டுனயே, ஈரத் துண்டு வச்சு." "அது அவனுக்காக மாட்டுனேன்!" கத்திவிட்டாள். பின்னால் இருந்த கூட்டம் திரும்பியது, இந்தக் குடும்பம் கூட்டங்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது புதிதல்ல, இந்தப் பிள்ளை வைப்பதுதான் புதிது. "எல்லாத்தையும் அவனுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. பஸ்ஸு, அருவி, சட்டை எல்லாம். எனக்கு யாராவது சொன்னீங்களா? எனக்குத் தண்ணின்னா பயம். முதலை இருக்குன்னு இப்ப வந்து படிக்கறீங்க. அண்டாவுல நான் உக்காந்தனா? நான் சுத்திவிட்டேன். சுத்திவிட்டுக்கிட்டே இருந்தேன்." அழ ஆரம்பித்தாள். முனிரத்தினம் அவள் உயரத்துக்குக் குனிந்தான், குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள் என்று கோடு போட்ட வரி, முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. உன் உணர்வு எனக்குப் புரிகிறது என்று சொல்லுங்கள், அடுத்த வரி. அவனுக்குப் புரிந்திருக்கவில்லை, அதுதானே விஷயம். மொட்டை மாடி அவன் கண்ணில் வந்தது, சாக்கு, அண்டா, வெயில், உள்ளே சிரிக்கிறவன். வெளியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து சுற்றிச் சுற்றி ஓடியவளின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் ஞாபகத்தில் வரவில்லை. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "பயம்னு சொல்லியிருக்கலாமே தாயி" என்றான், சொன்னதும் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிந்தது. "நீ கேட்டியா?" என்றாள் அவள். அப்பாவை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை, அது ஏனோ கேட்க நன்றாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் சின்னக் குரலில், "அன்னிக்கு லைப்ரரிலயும் கேக்கல. ரேக்குக்குப் பின்னாடி நீ இருந்த. எனக்குத் தெரியும். செருப்பு தெரிஞ்சுது." அவன் தன் செருப்பைக் குனிந்து பார்த்தான். "நீ திட்டுவன்னு பாத்தேன். ஏன்டி அப்படிச் சொன்னன்னு கேப்பன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. ஒகேனக்கல் போலாம்னு சொல்ற."

"சார், ஏர்றீங்களா இல்லியா? மத்தவங்கள விடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த ஒயர்க்கூடை அம்மாள் "ஏன்யா பறக்கற, ஆறு எங்கயும் ஓடிடாது" என்று அதற்குப் பதில் சொன்னார். ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. முனிரத்தினம் பரிதியைத் தேடினான். அவன் கீழ்ப்படியில் நின்று வலது காதை அழுத்திக்கொண்டிருந்தான். மேகம். சட்டைக்குப் பிறகு பரிசல் வர வேண்டும், சட்டைக்குப் பிறகு அக்கா அழுவது வரிசையில் இல்லை, யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. இரண்டு மழை, கையில் ஒரு குடைகூட இல்லை. யாரை முதலில் பிடிப்பது, பெரியவளை விட்டுச் சின்னவனிடம் போனால் மறுபடி அதே கதை, சின்னவனை விட்டால் படி ஈரம், கீழே ஆழம், நாலு வரியில் மூணு தப்பு இருந்தாலும் ஆழம் அதிகம் என்பது தப்பில்லை. பரிதி ஏறி வந்தான். ஒரு கை இன்னும் காதில். அக்காவின் முன்னால் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அவள் தோளில் ஒரு கையை வைத்தான். பிறகு காதிலிருந்த கையையும் எடுத்து மற்றத் தோளில் வைத்தான். "மாவு" என்றான். அழுத்தினான். "வலிக்குதுடா" என்றாள் நித்திலா. "தண்ணி." முழங்கை வரைக்கும் இறக்கினான், நகம் பட்டுச் சிவந்தது. "பிசை. பிசை. பிசை." முனிரத்தினத்தின் கை தானாக எழுந்தது, மெதுவாடா என்று சொல்ல, விரலைப் பிடித்துச் சரியாக வைத்துக் கொடுக்க, நடுவில் புக. எழுந்த கையைப் பார்த்தான். அதை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான், ஈரப்படியில். இவ்வளவு கஷ்டமான வேலையை அவன் காலையிலிருந்து செய்யவில்லை. "வீசு" என்றான் பரிதி, அவள் இரண்டு கையையும் தூக்கி. விக்கலுக்கு நடுவே நித்திலா, "எண்ணெய மறந்துட்ட" என்றாள். பரிதி நின்றான். கைகளைக் கீழே போட்டான். பரிதி யோசித்தான், மறுபடி தோளில் கையை வைத்தான். "மாவு" என்றான். முதலிலிருந்து. நித்திலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகை நிற்காமலே சிரிப்பு வந்தது, மூக்கில் குமிழ் வந்தது, "லூசு, எண்ணெய்லேருந்து போட்டா போதும்டா" என்றாள், அவன் கேட்கவில்லை, தண்ணி, பிசை, பிசை, பிசை, எண்ணெய், வீசு, கடைசியில் அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து ஆட்டி, "சால்னா." இத்தனைக்கும் அவன் கை காதுக்குப் போகவே இல்லை. இந்த வீட்டில் இதுவரை பரோட்டா ஒரே திசையில்தான் போயிற்று.

"தாயி" என்றான் முனிரத்தினம். கோடு போட்ட வரி எதுவும் ஞாபகம் வரவில்லை, அதனால் கேட்டான். "ஏன் ஆமான்னு சொன்ன?" அவள் ஜாக்கெட்டின் வாரை முறுக்கினாள். "சும்மா. ஒரு நாளைக்கு இருந்து பாத்தேன்." "எப்படி இருந்துது?" "போர் அடிச்சுது" என்றாள், பிறகு நேர்மையாக, "கொஞ்சம் நல்லாவும் இருந்துது." அவன் தலையாட்டினான். கொஞ்சம் நல்லாவும். அதற்கு ஒரு அடுக்கு வேண்டியதில்லை, மேஜைமேல் கிடந்துவிட்டுப் போகட்டும். "பயமா இருந்தா வேண்டாம். மூணு பேரும் போய் மீன் சாப்புடலாம்." "பரிசல்" என்றான் பரிதி உறுதியாக, வரிசை வரிசைதான். நித்திலா ஆற்றைப் பார்த்தாள், பரிசலைப் பார்த்தாள், தலைவழியே ஜாக்கெட்டைப் போட்டாள். "நாத்தம்" என்றாள். 'டிக்' போட அவள் கை தடுமாற, பரிதி போட்டுவிட்டான், இரண்டு தடவை.

பரிசல் அண்டாவைவிடத் தட்டையாக இருந்தது, விளிம்பு தண்ணீரை உரசியது. முனிரத்தினம் பழக்கப்படி இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்காரப் போனான். "சார், மூணு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா சாயும்" என்றார் பரிசல்காரர், துடுப்பால் எதிர்ப்புறத்தைக் காட்டி. "வெயிட்டுப் பார்ட்டி நீங்க அந்தாண்ட. பசங்க ரெண்டும் இந்தாண்ட ஒண்ணா உக்காரட்டும். அக்கா தம்பிங்களா?" "ஆமா" என்றாள் நித்திலா, தம்பியின் காலரை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துவிட்டபடி. சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவனின் செருப்பை ஒரு தடவை பார்த்தாள். கரை விலகியது. பாறைகள் இரண்டு பக்கமும் உயர்ந்தன, இரைச்சல் குளியலறைக் குழாயைப் போல் துளியும் இல்லை. "சுத்தட்டுங்களா?" என்றார் பரிசல்காரர். "மெதுவாண்ணா" என்றாள் நித்திலா, பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லது அவன் இவள் கையை, எதிர்ப்புறத்திலிருந்து பார்க்க அது தெரியவில்லை. துடுப்பு ஒரு சுழி போட்டது. பாறை, வானம், பாறை, இரண்டு முகங்கள், வானம். அண்டாவில் தானும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது முனிரத்தினத்துக்கு அப்போது ஞாபகம் வந்தது; அவன் கண்ணை இறுக மூடி, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். "அப்பா மேகம்" என்றது பரிதியின் குரல், எந்தப் பக்கத்திலிருந்தோ. நித்திலா சிரிப்பது கேட்டது. "நமக்கு எட்டாதுடா. நீங்களே பிசைஞ்சுக்கோங்கப்பா." அவன் ஒரு கையை விளிம்பிலிருந்து மெல்லப் பெயர்த்தெடுத்து, தன் மற்றத் தோளில் வைத்தான். மாவு. தண்ணி. பிசை, பிசை, பிசை. எண்ணெயை மறக்கவில்லை.